ஐந்து மணிக்கு உடையும் படம்

அத்தியாயம் 9

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு ஆல்வின் டை கட்டிக்கொண்டார்.

அந்த டையைக் கடைசியாக அவர் எடுத்தது மகன் ரசலின் கல்யாணத்துக்கு. கழுத்துச் சதை தளர்ந்து போயிருந்ததால் முடிச்சு ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. மனைவி ஜாய்ஸ் ஓட்ஸ் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தாள். முடிச்சை நேராக்கினாள். தேய்த்து மடித்த கைக்குட்டையை அவர் கோட்டுப் பையில் செருகினாள்.

"பரிட்சைக்குப் போற பையன் மாதிரி இருக்கேனா?" என்றார் ஆல்வின்.

"ஃபெயிலாகித் திரும்பி வர்ற பையன் மாதிரி இருக்கே. நிமிர்ந்து நில்லு."

ஆல்வின் சிரித்தார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மகள் ஹீதருக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மாலை அவள் கண்ணால் பார்த்தது இன்னும் நெஞ்சில் கிடந்தது.

ஜீலாங் நகரத்திலிருந்து காரோட்டிக்கொண்டு பெற்றோரின் பண்ணை வீட்டுக்கு அவள் வந்து இறங்கியதோடுதானே போன வாரம் நிறுத்தினோம்? அவள் பெட்டியைக் கூட உள்ளே வைக்கவில்லை. மணி ஐந்து. ஆல்வின் டிவி முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தினமும் ஐந்து மணிக்கு ஒரு வினாடி வினா வரும். போட்டியாளர் வாயைத் திறப்பதற்குள் ஆல்வின் பதில் சொல்லிவிடுவார். இருபது வருஷப் பழக்கம். மாடுகளை விற்று, நிலத்தைப் பக்கத்துப் பண்ணை ஃபெர்கஸுக்குக் குத்தகைக்கு விட்ட பிறகு, ஒரு நாளில் அவர் ஜெயிப்பதற்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

நேற்றும் முதல் கேள்வி முடிவதற்குள் படம் உடைந்தது. கேள்வி கேட்பவரின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, காது இருக்க வேண்டிய இடத்தில் மோவாய் போய் உட்கார்ந்தது. பேச்சு துண்டு துண்டாக விழுந்தது. ஆல்வின் ரிமோட்டில் ஒன்றை அமுக்கினார். இன்னொன்றை அமுக்கினார். எல்லாச் சேனலையும் புதிதாகத் தேடச் சொல்லிவிட்டார். இருந்ததும் போய்த் திரை கறுத்தது.

"மறுபடி எதை அமுக்கினே, ஆல்வின்?" என்று கோபமே இல்லாமல் கேட்டபடி சலவை அறையிலிருந்து ஜாய்ஸ் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா அழுதார். மாடுகளை லாரியில் ஏற்றிய அன்றுகூட அழாத மனுஷர்.

ஜூன் மாதத்திலிருந்து இப்படித்தான் என்று ரசல் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தான். இரண்டு முறை அவனே கூரைமேல் ஏறி ஆன்டெனாவைப் பார்த்தான். ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்தான். மெக்கானிக் வந்த அன்று படம் கண்ணாடி மாதிரி இருந்தது. "கோளாறு ஆன்டெனாவில இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்த ஆள் ஆல்வினை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாராம்.

"அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது, ஹீதர். அம்மாவால தனியா சமாளிக்க முடியாது. ஃபெர்கஸ் நிலத்தை விலைக்கே கேக்கறார். கொடுத்துட்டு ஊருக்குள்ள வந்துடட்டும்."

அதற்குத்தான் ஹீதர் வந்திருந்தாள். அதற்குத்தான் இந்த டை.

*

"அஞ்சு வார்த்தை சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேப்பேன்," என்றார் லியோங்காதா ஊர் டாக்டரம்மா. "குடை, வாத்து, ரயில், எலுமிச்சை, மணி."

ஆல்வின் முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். கழித்தார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தார்.

"எந்த நேரம் வேணும்னாலும் காட்டுங்க."

முட்களை ஐந்து மணியில் வைத்தார்.

"இப்ப அந்த அஞ்சு வார்த்தை?"

"குடை, வாத்து, ரயில், எலுமிச்சை, மணி. அந்த ரயிலைச் சொல்றப்போ உங்க போன் அடிச்சுது."

டாக்டர் பேனாவை வைத்தார். "எதையெல்லாம் மறக்கறீங்க?"

"டிவி போடறது."

"அடுப்பை அணைக்க மறந்ததுண்டா?"

"இல்லை."

"வழி? ஆளுங்க பேரு?"

"ஆளுங்க என்ன, என் மாடுங்க பேரே தலைகீழாச் சொல்லுவேன். சொல்லட்டுமா?"

"வேண்டாம், வெளியில கூட்டம் இருக்கு." டாக்டர் சிரித்துவிட்டு ஹீதர் பக்கம் திரும்பினார். "சந்தேகம்னா இன்னும் சில சோதனை பண்ணிப் பார்க்கலாம். ஆனா இதுல உங்க அப்பா நல்லாவே தேறிட்டார். முதல்ல அந்த டிவியை யார்கிட்டயாவது காட்டுங்க."

திரும்பும் வழியில் ஹீதர்தான் காரை ஓட்டினாள். மழையில் நனைந்த புல்வெளிகள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன.

"நல்ல பொண்ணு. என் மனசு நோகக்கூடாதுன்னு அப்படிச் சொல்றா," என்றார் ஆல்வின்.

"அப்பா, அவங்க டாக்டர். உங்களுக்கு ஆறுதல் சொல்ல அங்க உக்காந்திருக்கலை."

"தினமும் அதே நாற்காலி, அதே ரிமோட்டு, அதே தப்பு. அதுக்கு வேற என்ன பேரு, ஹீதர்?" அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஜாய்ஸ் பாவம். ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டேங்கிறா. அதைத்தான் தாங்க முடியலை."

*

மத்தியானம் சூப் குடித்துவிட்டு ஆல்வின் கண்ணயர்ந்தார். ஜாய்ஸ் பின்பக்கம் துண்டுகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஹீதர் டிவியைப் போட்டாள்.

தொலைந்த சேனல்களை நேற்றிரவே அவள் மறுபடி தேடிச் சேர்த்திருந்தாள். படத்தில் ஒரு குறையும் இல்லை. அமைப்புகளுக்குள் நுழைந்து தேடினாள். சிக்னலைக் காட்டும் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. பலம் என்று ஒன்று, அது எழுபது காட்டியது. தரம் என்று இன்னொன்று, அது நூறு காட்டியது.

சுவரிலிருந்து கிளம்பிய ஒயரைத் தொடர்ந்து போனாள். அது சலவை அறைக்குள் நுழைந்து, வாஷிங் மெஷினுக்கு மேலிருந்த அலமாரியில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் போனது. பூஸ்டர். அவள் சிறுமியாக இருந்தபோதே இந்த வீட்டில் பூஸ்டர் உண்டு. அப்போது டவர் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒளிபரப்பு இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதற்குள் செத்துப்போகும். அதை ஊதிப் பெருக்கினால்தான் படம். இப்போது எதிர்மேட்டிலேயே ஒரு குட்டி டவர் நிற்கிறது.

பெட்டியில் ஒரே ஒரு திருகு. அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. நகப்பூச்சு போலத் தெரிந்தது. திருகின் முனை சரியாக அந்தப் புள்ளியைப் பார்த்து நின்றது.

இதில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று ஹீதர் டப்பாவை மறுபடி முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு மேல் ரசல் வந்தான், தோளில் மழைத்துளிகளும் கையில் ஓர் அட்டைப்பெட்டியுமாக. ஊரில் விவசாய இயந்திரக் கடையில் வேலை. நாற்பது தாண்டியும் அம்மாவைக் கண்டால் செருப்பை வாசலிலேயே கழற்றுகிற பிள்ளை.

"கடையில இருக்கறதிலேயே பெரிய பூஸ்டர்," என்றான். "இருக்கறதை எடுத்துட்டு இதை மாட்டிடுவோம். இதுக்கும் வரலைன்னா, அப்புறம் நாம மனசைத் தேத்திக்க வேண்டியதுதான்."

"டாக்டர் அப்பாவுக்கு ஒண்ணுமில்லைங்கிறாங்க."

"டாக்டர் பத்து நிமிஷம் பார்ப்பாங்க. அம்மா முழு நாளும் பார்க்கறா."

"அஞ்சு மணி வரைக்கும் பொறு, ரசல். இப்ப படம் நல்லா இருக்கு. உடையறப்போ ஒரு தரம் பார்த்துடறேன்."

*

ஐந்து மணி இசை ஆரம்பித்தது. ஆல்வின் டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ரிமோட்டை எடுக்கவே இல்லை. அதைத் தள்ளி, மேஜையின் அந்தக் கோடியில் வைத்திருந்தார். ரசல் பின்னால் நின்றான். ஜாய்ஸ் காய்ந்த துண்டுகளை மடிக்கப் போனாள்.

முதல் கேள்வி. "தென் அமெரிக்காவில்..."

முகம் சிதறியது. பேச்சு அறுந்தது.

"நான் தொடலை," என்றார் ஆல்வின். யாரும் கேட்காமலே, குழந்தை மாதிரி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "ஹீதர், நீ பார்த்தே இல்ல? நான் தொடவே இல்லை."

"பார்த்தேன்ப்பா."

அவள் ரிமோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பலம் நூறு. தரம் மூன்று.

"பாரு!" என்றான் ரசல். "பலம் நூறு. இதைத்தான் அன்னைக்கும் பார்த்தேன். ஆன்டெனா சிங்கம் மாதிரி இருக்கு. அப்போ கோளாறு..." அப்பாவின் முதுகைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நூறா இருக்கறதுதான் கோளாறு," என்றாள் ஹீதர்.

"என்னது?"

ஹீதருக்கு ஜீலாங்கில் ஒரு சமூகக் கூடத்தில் வேலை. கச்சேரி, நாடகம், கல்யாணம், எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி அவள் பொறுப்பு. "மைக்கை அளவுக்கு மேல ஏத்தி வெச்சா பாட்டு பெரிசாவா கேக்கும்? கரகரன்னு உடைஞ்சுதான் கேக்கும். பூஸ்டர் புதுசா எதையும் உண்டாக்காது, ரசல். வர்றதை ஊதும், அவ்வளவுதான். வர்றதே போதும்ங்கிற இடத்துல இன்னும் ஊதினா, அதுவே திணறிப்போய் எல்லாத்தையும் குழப்பிடும். பலம் ஏறும், படம் போயிடும். மத்தியானம் இது எழுபதுதான் இருந்தது. எதிர்மேட்டு டவர் மூணு மணி நேரத்துல நடந்து கிட்ட வந்துடுச்சா?"

ரசல் கையிலிருந்த பெரிய பூஸ்டரைப் பார்த்தான். "அப்போ இதை மாட்டியிருந்தா?"

"இன்னும் மோசமாயிருக்கும்."

அவள் சலவை அறைக்கு நடந்தாள். ஜாய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். ஹீதர் சோப்புத்தூள் டப்பாவை நகர்த்தினாள். திருகு புள்ளியில் இல்லை. வலது கோடி வரை முறுக்கி வைக்கப்பட்டிருந்தது.

மெதுவாகத் திருப்பினாள். முனை சிவப்புப் புள்ளிக்கு வந்ததும் கூடத்தில் கேள்வி கேட்பவரின் குரல் முழுசாக எழுந்தது. அதற்கு மேலே அப்பாவின் குரல்.

"பராகுவே! பராகுவேடா, மடையா, பராகுவே!"

பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சரியான பதில்.

*

ஹீதர் அண்ணனின் கையைப் பிடித்து வாசல் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீதானே?"

"என்ன நான்தானே?"

"திருகை ஏத்தி வெச்சது. மத்தியானம் நான் பார்த்தப்போ சரியா இருந்தது. அதுக்கப்புறம் வந்தது நீ ஒருத்தன்தான். நிலத்தை வித்துடலாம்னு போன்ல சொன்னதும் நீதான்."

ரசல் அவளையே பார்த்தான்.

"அப்பாவை நானே பைத்தியமாக்குவேனா?"

"வேற யாரு?"

"மழையில ரெண்டு தரம் கூரை ஏறினேன், ஹீதர். ரெண்டாவது தரம் வழுக்கி விழப் பார்த்தேன். இன்னைக்குக் கடையில அரை நாள் லீவு போட்டுட்டு இதை வாங்கிட்டு வந்தேன். வந்ததிலேர்ந்து உன் கண்ணு முன்னாடிதான் இருக்கேன். அந்த ரூமுக்குள்ள நான் காலே வைக்கலை." குரல் தாழ்ந்தது. "வருஷத்துக்கு ரெண்டு தரம் வந்துட்டுப் போறவ நீ. என்னைப் பத்தி இதைத்தான் நினைச்சு வெச்சிருக்கே, இல்லை?"

ஹீதர் திரும்பிச் சலவை அறைப் பக்கம் பார்த்தாள்.

"அந்த ரூமுல யாரைப் பார்த்தே?" என்று ரசல்தான் கேட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

இரண்டு பேரும் திரும்பி உள்ளே போனார்கள்.

*

மடித்த துண்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஜாய்ஸ் நின்றுகொண்டிருந்தாள். டப்பா நகர்ந்திருந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

"அம்மா, இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?"

"என் நகப்பூச்சு," என்றாள் ஜாய்ஸ். "புது டவர் வந்தப்போ ஒருத்தர் வந்து இதைச் சரி பண்ணினார். இந்தப் புள்ளியைத் தாண்டக்கூடாது, தாண்டினா படம் கெட்டுடும்னார். உங்கப்பா பால் கொட்டகையில இருந்தார். அதனால அந்த ஆள் என்கிட்டதான் சொன்னார். நானும் மறந்துதான் போயிருந்தேன்."

"அப்புறம்?"

"ஜூன்ல ஒரு மழை நாள். படம் லேசாத் தடங்கலாச்சு. நல்லா வரட்டுமேன்னு ஏத்தினேன். மொத்தமும் போச்சு. அப்பதான் அந்த ஆள் சொன்னது ஞாபகம் வந்தது. சத்தியமா, திருப்பி வைக்கத்தான் கையை வெச்சேன். அதுக்குள்ள உங்கப்பா அங்கேர்ந்து கூப்பிட்டார். 'ஜாய்ஸ், எனக்கு என்னமோ ஆயிடுச்சு, இங்க வாயேன்'னு."

துண்டின் ஓரத்தை அவள் விரல்கள் கசக்கின.

"போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இனிமே என்ன பண்ணலாம், நீயே சொல்லு'ன்னார். அம்பது வருஷத்துல அப்படி என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்த மேட்டுல எத்தனை குளிர்காலம் ஓட்டினேன்! பாலம் முழுகினா ஒரு மனுஷ முகம் பார்க்க முடியாது. என் இடுப்பு எலும்பு விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். கடல் பக்கமா ஒரு சின்ன வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுது. 'ம்'னு சொல்லிட்டு பூட்ஸை மாட்டிக்கிட்டுப் போயிடுவார். அன்னைக்குத்தான் திரும்பி என்னைப் பார்த்தார்."

"அதனால மறுபடி பண்ணினே," என்றாள் ஹீதர்.

"இன்னும் ஒரே ஒரு தரம்னு நினைச்சேன். ஒவ்வொரு தரமும் அப்படித்தான் நினைச்சேன்."

"டை கட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போனார், அம்மா! வார்த்தையை மறந்துடக்கூடாதுன்னு கையை இறுக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். நீதான் கைக்குட்டை தேய்ச்சுக் கொடுத்தே."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"எதை இன்னும் ஒரு தரம்?" என்றது ஒரு குரல்.

ஆல்வின் வாசற்படியில் நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஏழு கேள்விக்கு ஏழும் சரியாகச் சொன்னதை ஜாய்ஸிடம் சொல்ல ஓடி வந்தவர்.

பிள்ளைகள் சொல்லட்டும் என்று ஜாய்ஸ் விட்டிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. கையை நீட்டித் திருகை வலது கோடிக்கு முறுக்கினாள். கூடத்தில் குரல் சிதறியது. புள்ளிக்குக் கொண்டுவந்தாள். குரல் ஒட்டிக்கொண்டது.

"நான்தான், ஆல்வின். ஜூன்லேர்ந்து."

ஆல்வின் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கத்தான் ஹீதரால் முடியவில்லை.

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?" ரசலின் தோளைப் பிடித்து உலுக்கினார். "டேய், எனக்கு ஒண்ணுமில்லைடா! அந்த டாக்டரம்மா சொன்னது நிஜம்தான்! நான் நல்லா இருக்கேன்!" வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்து?" என்று கேட்டார்.

"ஆமா," என்றாள் ஜாய்ஸ்.

"ஹீதர் வந்த நேரம். இந்தப் பொண்ணு முன்னாடி அழுதேனே."

"ஆமா."

"அப்புறம் நீ வந்து பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டே."

ஜாய்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திருகினது எனக்குப் புரியுது, ஜாய்ஸ். என்மேல கோவம் இருந்திருக்கும். நான் காது கொடுத்துக் கேக்காதவன்தான், ஒத்துக்கறேன். கையைப் பிடிச்சுக்கிட்டியே, அதுதான் புரியலை. அது எதுக்கு?"

"அது பொய்யில்லை, ஆல்வின்."

"எது பொய், எது இல்லைன்னு நான் இனிமே எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று ரசலுக்குத் தோன்றியது. ஆல்வின் கழுத்திலிருந்த டையை அவிழ்த்து, நான்காக மடித்து, வாஷிங் மெஷின்மேல் வைத்தார்.

"ஆறு மணிக்கு ஃபெர்கஸும் மொய்ராவும் வர்றாங்க," என்றார்.

"இங்கேயா? எதுக்கு?" என்றாள் ஜாய்ஸ்.

"போன செவ்வாய்க்கிழமை பண்ணையை அவங்களுக்கே விலைக்குக் கொடுத்துட்டேன். வீட்டோட சேர்த்து. வசந்தகாலம் வரைக்கும் இங்க இருக்கலாம்."

அது ஆல்வினின் அப்பா விட்டுப்போன நிலம். விற்க ஆல்வினின் கையெழுத்து மட்டும் போதும். அந்தக் கையெழுத்தை அவர் எந்தக் காலத்திலும் போடமாட்டார் என்றுதான் அந்தப் பள்ளத்தாக்கே நினைத்திருந்தது.

"வித்துட்டியா?" ஜாய்ஸ் துண்டை மெஷின்மேல் போட்டுவிட்டு அவர் எதிரே வந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே, ஆல்வின்!"

"மறந்திருப்பேன். எனக்குத்தான் ஞாபகமறதியாச்சே."

கூடத்தில் வினாடி வினா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"புத்தி முழுசாப் போறதுக்குள்ள உன்னை ஒரு நல்ல இடத்துல உக்கார வெச்சுடணும்னு நினைச்சேன்," என்றார் ஆல்வின். "என்னைக் கட்டிக்கிட்டு இந்த மேட்டுல நீ கஷ்டப்படக்கூடாதுன்னு. டாக்டர் என்ன குண்டைப் போட்டாலும், இன்னைக்குச் சாயங்காலமாவது இந்த வீட்டுல ஒரு நல்ல சேதி இருக்கட்டும்னு அவங்களை வரச் சொன்னேன்."

"அப்பா, வக்கீலைப் பார்க்கலாம்," என்றான் ரசல். "உங்களை ஏமாத்திக் கையெழுத்து வாங்கின மாதிரிதானே..."

"ஃபெர்கஸ் என்னை ஏமாத்தலையேடா. அவருக்கு வாக்குக் கொடுத்துக் கை குலுக்கியாச்சு. அவர்கிட்ட போய் என்ன சொல்றது? என் பெண்டாட்டி டிவியைத் திருகிட்டான்னா?"

அவர் யாரையும் பார்க்காமல் நடந்தார். பின்பக்கக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஜாய்ஸ் அவர் பின்னால் இரண்டடி எடுத்து வைத்தாள்.

"அம்மா, விடு," என்றாள் ஹீதர். அவள் குரலில் ஈரமே இல்லை. அண்ணனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒரு பக்கம் பாக்கி இருந்தது. அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னொரு பக்கம்.

ரசல் பெரிய பூஸ்டரை எடுத்துக்கொண்டு போய்க் கார் சீட்டில் வைத்துவிட்டு வந்தான். தங்கையின் பக்கம் திரும்பவில்லை.

*

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தபோது மேட்டுப் பாதையில் ஒரு வண்டி ஏறி வந்தது. முன்வாசலில் தட்டினார்கள்.

மறுபடி தட்டினார்கள். ஜாய்ஸ் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

மொய்ரா இரண்டு கைகளாலும் ஒரு கேக்கைத் தாங்கிக்கொண்டு நின்றாள், மேலே பாஷன்ஃப்ரூட் பழக்கூழ் வழிய வழிய. அவளுக்குப் பின்னால் ஃபெர்கஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சங்கோஜமாகச் சிரித்தார்.

"ஜாய்ஸ்! இந்த ஒரு வாரமா எங்களால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை!" என்று மொய்ரா கேக்கை அவள் கையில் கொடுத்து, கேக்கோடு சேர்த்தே அணைத்துக்கொண்டாள். "ஆல்வின் சொல்லிட்டாரா? வீட்டைப் பத்திச் சொல்லிட்டாரா?"

"எந்த வீடு?"

"கடலோர இன்வர்லாக் வீடு! ஃபெர்கஸ்தான் அவரைக் கார்ல கூட்டிட்டுப் போனார். மூணு வீடு காட்டினாங்களாம், மூணும் வேண்டாம்னுட்டாராம். சமையலறை ஜன்னல்லேர்ந்து கடல் தெரியணும், வாசல்ல படிக்கட்டு இருக்கக்கூடாது, என் ஜாய்ஸுக்கு இடுப்பு வலின்னாராம். நீங்க ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கீங்களாமே. ஒவ்வொண்ணா விரல் விட்டுச் சொன்னாராம், நாலாவது வீடு அப்படியே அமைஞ்சுதாம்!"

ஜாய்ஸ் கேக்கைப் பிடித்தபடி நின்றாள். தட்டு சரிவதைப் பார்த்து ஹீதர் ஓடி வந்து தட்டின் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"சந்தோஷத்துல பேச்சே வரலை, பாருங்க," என்று மொய்ரா கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ரசல் பின்வாசலுக்கு ஓடினான். கதவு திறந்து கிடந்தது. மாட்டுக் கொட்டகை இருட்டாக இருந்தது. வேலி ஓரமாக நின்றுகொண்டு இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான். எதிர்மேட்டு டவரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஆற்றுப் பக்கம் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

அவன் திரும்பி வந்து அம்மாவைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையசைத்தான்.

"எங்கே நம்ம ஆளு?" என்று ஃபெர்கஸ் காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆல்வின் எங்கே?"

வீட்டிலிருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.